நாட் ஃபீசிபிள்

மலையடிவாரத்து மடத்தில் வரதராஜுலு சேர்ந்து மூன்று வருடம் ஆகிறது. சாலை போடும் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். குரு அவரைவிடப் பத்து வயது இளையவர், மேலே உள்ள மலைக்கிராமத்துக்காரர். மற்ற சீடர்களைப் பெயர் சொல்லி அழைக்கும் குரு, இவரை மட்டும் ‘சார்’ என்பார். மரியாதை என்று இவருக்கு உள்ளூரப் பெருமை.

ஒருநாள் காலை இவர் கேட்டார்.

“சாமி, உங்க ஊருக்குச் சாலை வேணும்னு மனு வந்தப்போ, கோப்புல ‘நாட் ஃபீசிபிள்’னு எழுதினது நான்தான். இப்போ மனசை அரிக்குது. அது பாவமா?”

“அதுக்கு என்ன சார் அர்த்தம்?”

“ஃபீசிபிள்னா, கையில இருக்கறதை வெச்சு நிஜமாவே செஞ்சு முடிக்கக்கூடியது. வானத்துக்குப் பாலம் கட்ட ஆசைப்படலாம். ஆசை இருந்தா போதுமா? அது ஃபீசிபிள் இல்லை.”

“மலையைப் பார்த்துட்டுத்தான் எழுதினீங்களா?”

“உச்சிவரைக்கும் போனேன்.”

“நடந்தா?”

வரதராஜுலு தலையைக் குனிந்துகொண்டார்.

“மூட்டுவலி. டோலியில தூக்கிட்டுப் போனாங்க.”

மூங்கிலில் கம்பளியைத் தொட்டிலாகக் கட்டிய டோலி. நோயாளிகளை மலையிறக்க ஊரில் இருந்தது அது ஒன்றுதான். சாலை வரப்போகிற சந்தோஷத்தில் அன்றைக்கு அதில் புதுப் போர்வை விரித்தார்கள். நாலு பேர் சுமந்தார்கள். அதிகாரி மேலே போனார், கோழிக்குழம்பு சாப்பிட்டார், அதிலேயே இறங்கினார். சரிவு அதிகம் என்று எழுதிவிட்டார். எழுதுவதற்குத் தோள் வலிக்குமா என்ன?

“முன்னால தூக்கினவன் நான்தான் சார்,” என்றார் குரு. “நீங்க என் முதுகை மட்டும்தான் பார்த்திருப்பீங்க.”

வரதராஜுலு நிமிர்ந்து குருவைப் பார்த்தார்.

“மறுநாள் விடியக்காலை என் சம்சாரத்துக்கு வயித்துவலி. துடிச்சுப்போயிட்டா. அதே டோலி, அதே நாலு பேர். எல்லாருக்கும் தோள் வீங்கிக் கிடந்தது. கொஞ்ச தூரம் தூக்குவோம், இறக்கி வெப்போம். திரும்பத் தூக்குவோம். அடிவாரம் வர்றதுக்குள்ள அவ போயிட்டா.”

வரதராஜுலு அப்படியே விழுந்து குருவின் காலைப் பிடித்துக்கொண்டார்.

“என்னை மன்னிச்சுடுங்க சாமி.”

குரு காலை இழுத்துக்கொள்ளவில்லை. குனிந்து அவரைத் தூக்கவும் இல்லை.

“மன்னிக்கணும்னு எனக்கும் ஆசைதான் சார். நீங்க வந்த நாள்லேருந்து பார்க்கறேன். முடியல.”