மூணுகல் பாரில் தப்பிய கணிப்பு

கடலுக்கு அடியில் கூனிப்பார் என்றொரு பார், அதாவது பவளப்பாறை, இருந்தது. அங்கே ஒரு ஒட்டுமீன் வசித்தது. அது ஒரு ஆமையின் வயிற்றில் ஒட்டிக்கொண்டு பல பாறைகளையும் சுற்றிவரும்.

ஒருநாள் அது பதறிக்கொண்டு திரும்பியது.

"தெற்கே ஒரு புது மீன் வந்திருக்கிறது! உடம்பெல்லாம் சிவப்புக் கோடு, முதுகெல்லாம் விஷமுள். கண்ணில் பட்ட குஞ்சுகளை எல்லாம் விழுங்குகிறது. இன்னும் மூன்று பௌர்ணமியில் இங்கே வந்துவிடும்!"

கூனிப்பாரின் நாட்டாமை ஒரு பெரிய நண்டு. அது கொடுக்கை ஆட்டிச் சிரித்தது.

"ஓசியில் ஊர் சுற்றுகிறவளுக்குக் கற்பனை அதிகம்! அந்த மீன் வேகமாக நீந்துமா?"

"இல்லை, அசைந்து அசைந்துதான் போகும்."

"அப்படியானால் என் பேரனுக்குப் பேரன் பார்க்கட்டும்!"

"அண்ணே, அது நீந்தி வராது. அதன் முட்டை மிதந்து வரும். நீரோட்டத்தைப் பார்த்துத்தான் சொல்கிறேன். முதல் பௌர்ணமிக்குச் சிப்பிப்பார், அடுத்ததற்கு மூணுகல் பார், மூன்றாவதற்கு நம் பார்!"

முதல் பௌர்ணமி வந்தது. சிப்பிப்பாரில் விஷமுள் மீன்கள் முளைத்தன. அவை வளர வளர அங்கே வேறு ஒரு குஞ்சுகூட மிஞ்சவில்லை.

கூனிப்பார் நடுங்கிப் போனது. பாறை இடுக்கெல்லாம் முட்டைகள். அவற்றை விட்டுவிட்டு எங்கே ஓடுவது?

இரண்டாம் பௌர்ணமி கழிந்ததும் ஒட்டுமீனும் ஆமையும் மூணுகல் பாருக்குப் போய்ப் பார்த்தன. அங்கே ஒரு விஷமுள் மீனும் இல்லை!

ஆமை மெல்லச் சொன்னது: "தங்கச்சி, வந்துவிட்டது என்றே சொல்லிவிடு. இப்போதுதான் உன் பேச்சுக்கு மதிப்பு வந்திருக்கிறது. இவ்வளவு தூரம் யார் வந்து பார்க்கப் போகிறார்கள்?"

"மாட்டேன் அண்ணே! நான் சொன்னது தப்பு. தப்பு என்றால் அதற்கு ஒரு காரணம் இருக்க வேண்டும். அதைத் தெரிந்துகொள்ளாமல் திரும்ப மாட்டேன்."

பாறைக் குகையில் படுத்திருந்த ஒரு களவா மீனிடம் ஒட்டுமீன் விசாரித்தது. களவா தன் அகன்ற வாயைத் திறந்து ஏப்பம் விட்டது.

"சிவப்புக் கோடு போட்ட பொடிசுகளா? வந்தன, வந்தன! முள் முற்றாத வயதில் நல்ல ருசி! நாங்கள் ஒன்றையும் விடவில்லை."

ஒட்டுமீன் கூனிப்பாருக்குத் திரும்பி எல்லோரையும் கூட்டியது.

"மூணுகல் பார் விஷயத்தில் என் கணிப்பு தப்பிவிட்டது!"

"பார்த்தீர்களா! நான் அப்போதே சொல்லவில்லையா!" என்று குதித்தது நண்டு.

"முட்டைகள் போய்ச் சேர்ந்தன. பொரிந்த குஞ்சுகளைக் களவாக்கள் தின்றுவிட்டன. நம்மிடம் களவா இல்லை. வாய் பெரிது என்று போன வருடம் நாம்தான் துரத்திவிட்டோம். உடனே திரும்பக் கூப்பிடுங்கள்!"

நண்டின் கண்கள் பிதுங்கின. "களவா எங்களையும் தின்னுமே!"

"ஆமாம் அண்ணே. களவா வந்தால் உங்களில் ஒன்றிரண்டு போகும். புது மீன் வந்தால் உங்கள் குஞ்சுகளில் ஒன்றிரண்டுதான் மிஞ்சும்."

நண்டு பாறை இடுக்கில் இருந்த முட்டைகளைத் திரும்பிப் பார்த்தது. பிறகு, "கூப்பிடுங்கள். நாங்கள் இடுக்கிலேயே இருந்துகொள்கிறோம்" என்றது.

களவாக்கள் வந்து கீழ்க்குகையில் குடியேறின. மூன்றாம் பௌர்ணமிக்கு, ஒட்டுமீன் சொன்னபடியே, முட்டைகள் மிதந்து வந்து பொரிந்து, அரிசிமணி அளவில் விஷமுள் குஞ்சுகள் இறங்கின. களவாக்கள் வாயைத் திறந்தன. ஏழு நாள் விருந்து! இடுக்கில் ஒளிந்தவற்றை நண்டுகள் கொடுக்கால் இழுத்துப் போட்டன.

"நான் மட்டும் ஒன்பது பிடித்தேன்!" என்று நண்டு கண்டவர்களிடமெல்லாம் சொல்லித் திரிந்தது. "வருவதை முன்பே சொல்ல எங்கள் பாரில் ஆள் இருக்கிறது, தெரியுமா?"

கூனிப்பாரின் முட்டைகள் பொரிந்தன. வடக்கே இருந்த பாறைகளிலிருந்து மீன்கள் கூட்டம் கூட்டமாக வந்தன.

"அக்கா, எங்கள் பாருக்கு அது எப்போது வரும்?"

ஒட்டுமீன் தலையை நிமிர்த்திக்கொண்டு சொன்னது: "நீரோட்டத்தைப் பார்த்துச் சொல்கிறேன். ஆனால் நான் சொன்னது தப்பினால், முதல் வேலையாக வந்து என்னிடம் சொல்லுங்கள்!"

தன் கணிப்பு தவறிய இடத்தை மறைக்காமல், அங்கேயே போய்க் காரணம் தேடுகிறவரின் அறிவுதான் ஊரைக் காக்கும்.