கால் வலிச்ச கீபோர்டு

ஏட்டி, இந்தா கேட்டுக்கோ, இது சத்தியம்! குலசாமி மேல சத்தியம், குத்தாலத்து அருவி மேல சத்தியம்! இதுல ஒரு சொல்லு பொய்யா இருந்தா, தம்ளர்ல ஊறுதே தாத்தாவோட பல்செட்டு, அது விடியறதுக்குள்ள கரைஞ்சு போவட்டும்!

சரி சரி, கத்தல. உங்கம்மா அசந்து தூங்குதா. ஆச்சி மெதுவாவே சொல்லுதேன். ஆனா நீ 'ம்' கொட்டணும். உன் 'ம்' நின்னா கதையும் நின்னுரும்.

ஒரு ஊர்ல ஒரு பிளக்ஸ் கடை. கல்யாணம், காதுகுத்து, கோயில் கொடை, எதுக்கும் அங்கதான் பேனர் அடிப்பாங்க. முதலாளி பேரு காளியப்பன் அண்ணாச்சி. கம்ப்யூட்டர்ல எழுத்தடிக்கிறவ செண்பகவடிவு. காலையில பஸ்ஸை விட்டு இறங்கி உக்காந்தான்னா பொழுது சாயத்தான் எந்திரிப்பா. மணிக்கட்டு வலிக்கும், முதுகு வலிக்கும், கண்ணு எரியும். அவ முன்னால ஒரு கீபோர்டு. அதுக்கு அவளை விட வலி.

எழுத்தெல்லாம் தேய்ஞ்சு, ஒவ்வொரு கீயும் வழுக்கைத் தலை மாதிரி பளபளன்னு இருக்கும். எது 'க', எது 'ம'ன்னு செண்பகத்தோட விரலுக்கு மட்டுந்தான் தெரியும். ஸ்பேஸ் பார்ல அவ கட்டைவிரல் பட்டுப் பட்டுப் பள்ளம் விழுந்து, மழை பெய்ஞ்சா அதுல தண்ணி தேங்கி சிட்டுக்குருவி குளிக்கும். என்ன முழிக்க? சத்தியம் பண்ணியிருக்கேன்லா! உள்ள பூரா முறுக்குத் தூளு. அதைத் தின்னு ஒரு எறும்புக் குடும்பம் அங்கயே வீடு கட்டிப் பால் காய்ச்சுச்சு. அதுக்கும் அதே கடையிலதான் பேனர் அடிச்சாங்க, கடுகு அளவுல.

அப்புறம் ஒரு மவுஸு. அதுக்கு ரெண்டு பொத்தான். இடது பக்கம் அண்ணன், வலது பக்கம் தம்பி. நாளெல்லாம் அமுக்கு வாங்குறது அண்ணன். தம்பி சும்மா உக்காந்து மினுமினுன்னு இருப்பான். அண்ணனுக்குத் தளர்ந்து போய்க் கைநடுக்கம் வந்துட்டு. 'டிக்'னு ஒரு தரம் அமுக்கினா, நடுங்கி 'டிக் டிக்'னு ரெண்டு தரம் சொல்லிருவான். ஒரு பேனர் கேட்டா ரெண்டு வந்து விழும்.

ம் சொல்லு. ஆங்.

அப்போ ஒருநாள் செண்பகம் கேட்டா: "அண்ணாச்சி, ஒரு புதுக் கீபோர்டு வாங்கித் தாங்க. அப்படியே ஞாயித்துக்கிழமை மட்டும் லீவு குடுங்க. வீட்டுல பிள்ளைக்குக் கதை சொல்ல உக்காந்தா, அவளுக்கு முன்னால நான் தூங்கிருதேன்."

அண்ணாச்சி கீபோர்டைத் தூக்கி, தலைகீழாக் கவுத்தி, 'தப் தப்'னு தட்டினாரு. முறுக்குத் தூளு கொட்டுச்சு. 'பூஊஊ'ன்னு ஊதினாரு. "அதான் ஓடுதுல்லா! ஓடுறதை எதுக்கு மாத்தணும்? ஆடி முடியட்டும், பாப்போம்."

அவரு எல்லாத்துக்கும் அதான் சொல்லுவாரு. ஃபேன் கிர்ர்ர்னு கத்தினா, "ஓடுதுல்லா." நாற்காலிக்கு ஒரு கால் ஆடினா, "ஓடுதுல்லா." நாற்காலி எங்க ஓடுச்சுன்னு யாரும் கேக்கல.

அவரு அங்கிட்டுப் போனதும், கீபோர்டுக்குள்ள இருந்து ஒரு சத்தம். ஈனமா, முனகலா.

"செண்பகக்கா, எனக்குக் கால் வலிக்குது."

"நீயே கால்தான! உனக்கு ஏது தனியாக் கால்?"

யாரு தெரியுதா? 'க' எழுதிப் பக்கத்துல ஒரு கால் போட்டா 'கா' ஆவும்லா, அந்தக் கால்தான். "அக்கா, 'தாத்தா'ன்னா நான் ரெண்டு தரம் நிக்கணும். 'மாமா'ன்னா ரெண்டு தரம் நிக்கணும். 'வாங்க, வாங்க'ன்னு ஊரையே கூப்பிட்டு உக்கார வைக்காங்க. அதுக்கும் நாந்தான் நிக்கேன். என்னை ஒருத்தராவது உக்காருன்னு சொன்னாங்களா? அந்தா மூலையில பாரு, ஃ. வாங்கின அன்னைக்கு இருந்த கருக்கு மாறல. மூணு கண்ணையும் மூடிக்கிட்டு 'கொர்ர்ர்'னு தூங்குது."

செண்பகம் பெருமூச்சு விட்டா. "கொஞ்சம் பொறுத்துக்கோ. ஆடி முடிஞ்சா பாப்போம்னு சொல்லியிருக்காரு." சொல்லிக்கிட்டே அவ கண்ணும் சொக்குச்சு.

அப்புறம் அம்மன் கோயில் கொடை வந்துது. 'பால்குடம் எடுக்க வாரீர்'னு பேனர். செண்பகம் டொக் டொக்னு அடிச்சா. 'பா' வந்தப்போ கால் எந்திரிக்கவே இல்ல. அவ தூக்கக் கலக்கத்துல பாக்கவும் இல்ல. தெருவெல்லாம் என்ன தொங்குது? 'பல்குடம் எடுக்க வரீர்'!

அன்னைக்குக் கோயில் வாசல்ல பாக்கணுமே! ஊர்ல உள்ள கிழடுக அம்புட்டும் பல்செட்டைக் கழத்திக் குடத்துல போட்டு, தலையில தூக்கிக்கிட்டு, 'கடகட கடகட'ன்னு ஆட்டிக்கிட்டே வருது. பூசாரி வேப்பிலையைக் கீழ போட்டுட்டு ஓடியே போயிட்டாரு.

அண்ணாச்சி வந்து கால் தலையில 'நங்'குன்னு ஒரு குட்டு. "இந்தா, ஓடுதுல்லா! ஆவணி முடியட்டும், பாப்போம்."

ஆவணியில ஒரு கல்யாணம். 'மாப்பிள்ளையை வாழ்த்துகிறோம்'னு பேனர் வேணும். செண்பகம் காலைத் தடவிக் குடுத்தா, கெஞ்சினா. "இன்னைக்கு ஒருநாள் நில்லு கண்ணு." கால் நிக்கத்தான் பாத்துச்சு. தொம்முன்னு உக்காந்துட்டு. மண்டப வாசல்ல பெரிய எழுத்துல 'மப்பிள்ளை'! பொண்ணோட அப்பா வந்து பாத்தாரு. பேனரைப் பாத்தாரு, மாப்பிள்ளையைப் பாத்தாரு. "மாப்பிள்ளை மப்புல இருக்காரா? எங்க, வாயை ஊதுங்க!" பாவம், அந்தப் பையன் தாலி கட்டுற வரைக்கும் ஊதினான். அடுத்து மாமியார் வந்து ஊதச் சொன்னா, அடுத்து சித்தப்பா, அடுத்து நாதஸ்வரக்காரரு. மாப்பிள்ளை ஊதின ஊதுல அவருக்கு நாதஸ்வரம் ஊதுற வேலையே மிச்சம்.

அண்ணாச்சிக்கு மூஞ்சி செவந்து போச்சு. "இங்க பாரு செண்பகம். கடைக்காரங்க சங்கத் தேர்தல்ல நான் தலைவருக்கு நிக்கேன். இனி ஒரு தப்பு வந்துதுன்னா, கீபோர்டு பழைய இரும்புக்கடைக்கு, அடிச்சவங்க வீட்டுக்கு! வேலை கிடையாது. சொல்லிட்டேன்!"

 வேலை போனா செண்பகம் வீட்டுல அடுப்பு எரியாதே. கால் கீ அழுதுது. எறும்புக் குடும்பம் மூட்டை கட்டிட்டு.

ம்? ...ம், முழிச்சுத்தான் இருக்க.

அப்போ தேர்தல் பேனர் அடிக்கிற நாள் வந்துட்டு. செண்பகம் உண்மையச் சொன்னா. "அண்ணாச்சி, கால் இப்ப சுத்தமா எந்திரிக்க மாட்டேங்குது. நான் அடிச்சா உங்க பேரு கெட்டுரும்."

"உனக்குச் சோம்பேறித்தனம்! நகரு, நானே அடிக்கேன்."

செண்பகம் எழும்பி ஸ்டூல்ல உக்காந்தா. அண்ணாச்சி நாற்காலியில உக்காந்தாரு. அது 'கிரீச்'னு ஆடுச்சு. கீபோர்டைப் பாத்தா ஒரு எழுத்தும் இல்ல. "எங்கட்டி 'க'?" "நடுவுல, அண்ணாச்சி." "எங்கட்டி 'ப'?" "அதுக்குப் பக்கத்துல." ஒவ்வொண்ணாத் தேடி, விரலை ஓங்கி, டொக்... டொக்... டமார்! வேர்த்து ஊத்துது. குனிஞ்ச தலை நிமிரவே இல்ல. கடைசியில நிமிந்து பாத்தாரு. கண்ணு இருட்டிக்கிட்டு வந்துது. எல்லாம் சரியா இருக்குன்னு நெனச்சு மவுஸை அமுக்கினாரு. டிக் டிக். ஒரு தெருவுக்கு ஒண்ணு கேட்டா ரெண்டு ரெண்டாக் கொட்டுது.

விடிஞ்சு பாத்தா ஊர் பூரா, 'உங்கள் ஓட்டு களியப்பனுக்கே'!

கடை வாசல்ல சின்னப் பிள்ளைங்க எல்லாம் கிண்ணத்தோட நிக்கு. "அண்ணாச்சி, களி எப்பப் போடுவீங்க?"

அண்ணாச்சி உள்ள பாய்ஞ்சாரு. "யாரு அடிச்சது இதை?"



"நீங்கதான் அண்ணாச்சி," செண்பகம் மெதுவாச் சொன்னா. "அடிச்சவங்க வீட்டுக்குப் போகணும்னு சொன்னீங்க."

அவரு நாற்காலியில பொத்துன்னு உக்காந்தாரு. விரலைப் பாத்தாரு, வீங்கியிருந்துது. கழுத்தைத் திருப்பினாரு, திரும்பல. "ஒரு பேனருக்கே இப்படிக் கடுக்குதே," விரலைத் தடவிக்கிட்டே கேட்டாரு. "தினமும் அடிக்கியே, உனக்கு எப்படிம்மா இருக்கும்?"

செண்பகம் அவரைப் பாத்துச் சிரிச்சா. களைச்ச சிரிப்பு. "ஓடுதுல்லா, அண்ணாச்சி."

 அண்ணாச்சி எழும்பிப் போய் ஷட்டரை 'கடகடகட'ன்னு இறக்கினாரு. "போம்மா. போய்த் தூங்கு. இனிமே ஞாயித்துக்கிழமை கடை கிடையாது."

அப்புறம் புதுக் கீபோர்டு வந்துது. தேர்தல்லயும் அண்ணாச்சி ஜெயிச்சுட்டாரு. களி போடுவாருன்னு நம்பி அம்புட்டுப் பேரும் குத்திட்டாங்க. பழைய கீபோர்டை இரும்புக்கடைக்காரன் கேட்டப்போ செண்பகம் குடுக்கல. பேனர்த் துணியில சுத்தி வீட்டுக்குக் கொண்டாந்துட்டா. அதுல கால் இப்ப நீட்டிப் படுத்திருக்கு.

எங்கன்னு கேக்கியா? உன் தலைமாட்டுல தொட்டுப் பாரு. ஆபீஸ் விளையாட்டுன்னு நீ டொக் டொக்னு அடிக்கியே, எழுத்தே இல்லாம வழவழன்னு, அதேதான். மெதுவாத் தொடு. அது தூங்கட்டும்.

இன்னைக்கு என்ன கிழமை? ஞாயித்துக்கிழமை. அதான் உங்கம்மா இப்படிக் கையைக் காலைப் பரத்திப் போட்டுத் தூங்குதா.

அம்புட்டுதான், கதை படுத்துட்டு, நீயும் படு. ஆனா ஒண்ணு, நாளைக்குக் கடைக்குப் போனா அண்ணாச்சி உனக்குக் கடலைமிட்டாய் தருவாரு. வாங்கிக்கோ. களியப் பத்தி மட்டும் மூச்சு விடாத. யாரு சொன்னதுன்னு கேட்டா என் பேரைச் சொல்லிராத தாயி. ஃ சொல்லுச்சுன்னு சொல்லு. அதைப் போய் எழுப்பி யாரு கேக்கப் போறா?

ம் சொல்லு.

...ஏட்டி?