பிள்ளையார் சுழி

மடத்தில் எண் கற்பிக்கும் ஆசானிடம் பயின்றவன் தில்லைநாதன். அவன் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். அந்தப் பெருமை அவனுக்குக் கொஞ்சம் அதிகம்தான்.

குருபூசையன்று சமையற்கட்டுச் சுவரில் அளவுகளைக் கரியால் எழுதும் வேலை அவனிடம் வந்தது. குழம்புக்கு உப்பு ஒரு நாழி. வெறுமனே 'நாழி' என்று எழுதினாலே அங்கே ஒரு நாழிதான்; அவனும் அப்படியே எழுதினான். எழுதி முடித்த பிறகு பிள்ளையார் சுழி போட மறந்தது நினைவுக்கு வந்தது. மேலே இடமில்லை. எங்கே போட்டால் என்ன என்று, 'நாழி'க்கு முன்னால் ஒரு 'உ' சுழித்துவிட்டுப் போனான். தமிழ் எண்ணில் இரண்டு என்பதற்கும் அதே 'உ'தான்.

சமையற்காரர் வேலப்பர் இரண்டு நாழி கொட்டினார். படையலுக்கு முன் ருசி பார்க்கும் வழக்கமில்லை. பந்தியில் முதல் கவளத்திலேயே எல்லார் முகமும் கோணியது. உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பார்கள், வேலப்பரை ஏழு பிறப்புக்கும் மறக்க மாட்டோம் என்றார் ஒருவர். பந்தியே சிரித்தது. மடத்துக் காரியஸ்தர் அத்தனை பேர் முன்னிலையிலும் வேலப்பரை ஏசி, இன்றே கிளம்பு என்றார். சுவரில் இருந்தபடிதான் போட்டேன் என்று வேலப்பர் சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை.

மோர் வாளியோடு நின்ற தில்லைநாதனுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. மெல்ல நழுவிச் சமையற்கட்டுக்குப் போய், ஈரத்துணியால் அந்தச் சுழியைத் துடைத்தான்.

அதன்பிறகு வெட்கம் பிடுங்கித் தின்றது. மாலையில் ஆசானிடம் போய் ஒன்றுவிடாமல் சொன்னான். சொல்லியும் மனம் அடங்காமல் கேட்டான்.

"ஐயா, பிள்ளையாருக்கும் இரண்டுக்கும் ஒரே குறியை வைத்தது முன்னோர் செய்த பிழைதானே?"

ஆசான் மணலில் ஒரு 'உ' வரைந்தார்.

"இது என்ன?"

"இப்படித் தனியாக இருந்தால் எப்படிச் சொல்வது? ஏட்டின் உச்சியில் நின்றால் பிள்ளையார் சுழி. அளவுக்கு முன்னால் நின்றால் இரண்டு. சொல்லுக்குள் நின்றால் வெறும் எழுத்து."

"அப்படியானால் குறிக்கு மதிப்பு எதனால் வருகிறது?"

"நிற்கும் இடத்தால், ஐயா."

"இதில் முன்னோர் பிழை எங்கே வந்தது?"



அப்போது வேலப்பர் துணிமூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு மடத்து வாசலைத் தாண்டிக்கொண்டிருந்தார். ஆசான் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவரை ஏசும்போது நீ எங்கே நின்றாய்?"