வீரகேசரி ராஜா கோல்ஃப் மட்டை வாங்கிய கதை

கொடிவேலம் சமஸ்தானத்து ராஜா வீரகேசரி பூபதிக்கு வீரம் மலையளவு. உயரம்தான் கொஞ்சம் குறைச்சல். சிம்மாசனத்தில் உட்கார்ந்தால் கால் தரையைத் தொடாது. அதைப் பற்றிப் பேசக்கூடாது என்று சட்டம் ஏதும் இல்லை. பேசியவர்களும் இல்லை.

அடுத்த சமஸ்தானமான செங்காட்டூருக்கு ரணதீரர் என்று ஒரு ராஜா. பனைமரத்துக்குத் தம்பி மாதிரி இருப்பார். துரைமார்களோடு பழகி கோல்ஃப் கற்றுக்கொண்ட மிதப்பில் அவர் ஆள் அனுப்பினார். வருகிற பௌர்ணமியன்று இருவரும் ஆடிப் பார்க்கலாம், தோற்றவர் தம் பட்டத்து யானையைக் கொடுத்துவிட வேண்டும் என்றார். வீரகேசரிக்குத் தம் யானை கஜலட்சுமி என்றால் உயிர். கோல்ஃப் என்றால் என்னவென்றே தெரியாது. ஆனாலும் மாட்டேன் என்று சொல்ல ராஜாவுக்கு வாய் வருமா? ஒப்புக்கொண்டுவிட்டார்.

உடனே கப்பல் சரக்கு வியாபாரி ஞானப்பிரகாசத்தைக் கூப்பிட்டு, இருப்பதிலேயே உயர்ந்த மட்டை வேண்டும் என்றார். ஞானப்பிரகாசம் பட்டுத்துணியில் சுற்றிய மட்டைக்கட்டு ஒன்றைக் கொண்டுவந்து வைத்தார். சீமையிலே தோல்வியே அறியாத ஒரு வீரன் ஆடிய மட்டைகள் இவை, இவற்றைத் தொட்டாலே வெற்றிதான் என்றார். ராஜா தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. அப்படியே வாங்கிவிட்டார்.

மறுநாள் மைதானத்தில்தான் சங்கடம் தெரிந்தது. மட்டை ராஜாவின் மோவாய் வரை இருந்தது. வீசினார். தலைப்பாகை பறந்தது. இரண்டு மந்திரிகள் தரையில் படுத்து உயிர் பிழைத்தார்கள். பந்து மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது.

ராஜாவுக்குக் கோபம் வந்தது. ராஜத்துரோகக் குற்றத்துக்காகப் பந்தைச் சிறையில் அடைத்தார். கைதிக்குக் காலையில் கூழ் உண்டா என்று சிறையதிகாரி கேட்டனுப்பினார். அரைக் கிண்ணம் ஊற்றும்படி உத்தரவாயிற்று. வேறு பந்து வைத்தார்கள். அதுவும் நகரவில்லை. புல்லை மொட்டையடித்தார்கள். காற்றை நாடு கடத்துவதாகத் தண்டோராப் போட்டார்கள். ஒன்றும் பலிக்கவில்லை.

கடைசியில் ராஜா, அரண்மனை விகடர் ஆவுடைநாயகத்தை அழைத்தார்.

"இந்த மட்டை சீமையில் ஜெயித்தது. ஆகையால் மட்டையில் குற்றமில்லை. நான் ராஜா. ஆகையால் என்னிடமும் குற்றமில்லை. நாளைக்குள் குற்றவாளியைக் கண்டுபிடி. இல்லாவிட்டால் பந்துக்குத் துணையாக நீயும் உள்ளே போ."

"ஆகட்டும் பிரபு. எனக்கு ஒரு தையற்காரர் மட்டும் வேண்டும்" என்றார் ஆவுடைநாயகம்.

மறுநாள் ஜரிகை வைத்த புது அங்கி ஒன்றைக் கொண்டுவந்து ராஜாவுக்கு மாட்டிவிட்டார். அங்கி இருந்தது, ராஜாவைக் காணவில்லை. கழுத்துப் பக்கத்திலிருந்து குரல் மட்டும் வந்தது.

"யார் அளவுக்கடா தைத்தாய்?"

"அந்தச் சீமை வீரனின் அளவுக்கு, பிரபு. ஞானப்பிரகாசத்தைக் கேட்டே தைத்தோம். ஜெயித்தவன் அளவு அல்லவா, குற்றம் இருக்குமா?"

ராஜாவின் தலை மெல்ல வெளியே வந்தது.

"அப்படியென்றால் நான்தான் குள்ளம் என்கிறாயா?"

ஆவுடைநாயகம் அங்கியின் ஓரத்தை மடித்துவிட்டார்.

"அங்கி பெரிதாய்ப் போனால் அங்கியைத்தான் குறை சொல்வோம், பிரபு. உடம்பை யார் குறை சொல்வார்கள்?"

ராஜாவுக்கு அந்தப் பதில் பிடித்துப்போயிற்று. பந்துக்கு விடுதலை கிடைத்தது. அடுத்து வியாபாரியின் தலையை எடுக்கக் கிளம்பினார். ஆவுடைநாயகம் தடுத்தார். நாம் கேட்டதை வியாபாரி கொடுத்தார், கையில் பிடித்துப் பார்க்கிறோம் என்று நாம்தான் கேட்கவில்லை, இப்போது கேட்போம் என்றார்.

தலை தப்பிய ஞானப்பிரகாசம் கிடங்கிலிருந்த மட்டைகளையெல்லாம் மைதானத்தில் பரப்பினார். ராஜா ஒவ்வொன்றாக வீசிப் பார்த்தார். பொன்முலாம் பூசியது கண்ணைப் பறித்தது, கையை இழுத்தது. தந்தப்பிடி போட்டது வழுக்கிக்கொண்டு குளத்தில் விழுந்தது. மொத்தமாக வாங்கினால் சகாயமாகத் தருவதாக வியாபாரி ஆசை காட்டினார். குதிரையேறப் பழகாதவனுக்குப் பத்துக் குதிரை எதற்கு என்று ஆவுடைநாயகம் அவரை அடக்கினார். சாயம் போன ஒரு சின்ன மட்டையை ராஜா எடுத்தார். அது அவர் கைக்கென்றே பிறந்தது போல உட்கார்ந்தது. வீசினார். பந்து ஆலமரத்தைத் தாண்டிப் போயிற்று.

ஞானப்பிரகாசம் செருமினார். அது ஒரு கப்பல் தலைவருடைய சின்னஞ்சிறு மகள் விளையாடியது என்று தயங்கித் தயங்கிச் சொன்னார். ராஜா முகம் சுருங்கி மட்டையைக் கீழே வைத்தார்.

"பிரபு, நேற்று வீரனின் மட்டையோடு குழந்தை மாதிரி ஆடினீர்கள். இன்று குழந்தையின் மட்டையோடு வீரன் மாதிரி ஆடினீர்கள். கஜலட்சுமிக்கு எது வேண்டும் என்று கேட்டுப் பாருங்கள்" என்றார் ஆவுடைநாயகம்.

ராஜா மட்டையைத் திரும்ப எடுத்துக்கொண்டார். அன்றிலிருந்து விடியற்காலையிலேயே மைதானத்துக்கு வந்துவிடுவார். மந்திரிகள் படுக்க வேண்டியதில்லாமல் போயிற்று.

பௌர்ணமி வந்தது. ரணதீரர் பந்தை ஓங்கி அடித்துப் புதருக்குப் புதர் தேடினார். வீரகேசரி அளவாக அடித்து, நேராக நடந்து, குழிக்குக் குழி முந்தினார். கஜலட்சுமி தப்பினாள். செங்காட்டூர் யானையும் இந்தப் பக்கம் வந்து நின்றது.

ரணதீரருக்கு யானை போன வருத்தத்தைவிட அந்த மட்டையின் மேல்தான் கண். அதை எனக்குக் கொடுங்கள், என்ன வேண்டுமானாலும் தருகிறேன் என்று கெஞ்சினார். ஒரு தரம் வீசிப் பார்த்துவிட்டு எடுத்துக்கொள்ளும்படி ஆவுடைநாயகம் சொன்னார்.

"ஜெயித்த மட்டையைச் சோதிப்பதா?" என்று ரணதீரர் அதை மார்போடு அணைத்துக்கொண்டார். கீழே ஊன்றினால் அது அவர் முழங்காலைக்கூடத் தொடாது.

ஆவுடைநாயகம் தலையாட்டிக் கொடுத்தனுப்பிவிட்டார்.

திரும்பும் வழியில் ராஜா யானைமேல் ஆவுடைநாயகத்தின் பக்கத்தில் உம்மென்று இருந்தார். "நம் வெற்றியைத் தூக்கிக் கொடுத்துவிட்டாயே. அடுத்த வருஷம் அவர் மறுபடியும் கூப்பிட்டால் நான் எதை வைத்து ஆடுவேன்?"

"கவலை வேண்டாம், பிரபு. ஞானப்பிரகாசத்திடம் அதே மட்டை இன்னொன்று இருக்கிறது. அந்தக் கப்பல் தலைவருக்கு இரட்டைப் பெண்கள்."

ராஜா சிரித்த சிரிப்பில் அம்பாரி ஆடியது. கழுத்திலிருந்த முத்துமாலையைக் கழற்றி ஆவுடைநாயகத்திடம் நீட்டினார். அவர் அதைச் சும்மா வாங்கவில்லை. கழுத்தில் போட்டு, இறக்கம் சரியாக இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் கும்பிட்டார்.