ஒரே ஒருமுறை திறக்கிற லிங்க்

டீ டம்ளர்களைத் தேய்த்துக்கொண்டேதான் சொல்கிறேன். எங்கள் ஆபீஸ் மேனேஜர் தாமோதரன் சாரோடு மாரடிக்க முடியவில்லை. போனில் எது வந்தாலும் படிக்காமலே ஆபீஸ் குரூப்புக்குத் தள்ளிவிடுவார். போன வாரம் சர்வர் பாஸ்வேர்டு வெளியே போய்விட்டது. பழி முழுக்க டிரெயினி செண்பகவல்லி தலையில்.

இன்று அவளைக் கூப்பிட்டு, "புது பாஸ்வேர்டை எனக்கு அனுப்பு. இன்னொருத்தர் கண்ணுல பட்டுச்சு, உனக்கு இங்க வேலை கிடையாது!" என்றார்.

"சரிங்க சார்" என்றாள். புரோகிராம் எழுதுகிற எடிட்டரிலேயே பூட்டுப் போட்ட லிங்க் ஒன்று செய்து அவருக்கு மட்டும் அனுப்பினாள். அது ஒரே ஒருமுறைதான் திறக்குமாம்.

கொஞ்ச நேரத்தில் சார் கத்தினார். "திறக்கவே மாட்டேங்குது! என்னம்மா, ஏமாத்துறியா?"

"உங்களுக்கு முன்னாடி யாரோ திறந்துட்டாங்க சார்."

டெஸ்டிங் பிரிவு மரியசெல்வம் அண்ணன் எழுந்தார். "நான்தான் சார். நீங்க குரூப்ல போட்டீங்களே, திறந்தேன். பாஸ்வேர்டு இல்லையே. 'இதைப் படிக்கிறது சார் இல்லைன்னா, போன வாரம் பாஸ்வேர்டை வெளிய விட்டது நான் இல்லை. இப்படிக்கு செண்பகவல்லி'ன்னுதான் இருக்கு."

ஆபீஸே சிரித்தது. எனக்குக் கூச்சம், முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டேன். சார் முகம் போன போக்கைச் சொல்லலாமென்றால், இதோ, அவரே கூப்பிடுகிறார், எட்டு டீயாம், நான் போய்…