மூன்று தோள் கண்ட பொன்னாடை

கிருமிக்குப் பயந்து நாடே கதவைச் சாத்திக்கொண்ட காலம். மருதங்குளத்தில் மட்டும் நாற்பது நாளாக ஒருவருக்கும் காய்ச்சல் இல்லை. தினமும் தெருத்தெருவாகப் பிளீச்சிங் பவுடர் தூவியவள் துப்புரவுப் பணியாளர் காத்தாயி. ஆனால் ஊரைக் காத்தது தாங்கள்தான் என்று மூன்று பெரிய மனிதர்கள் மார்தட்டினார்கள்: பேரூராட்சித் தலைவர் ஏகாம்பரம், ஊருக்கெல்லாம் கஷாயம் ஊற்றிய அரிசி மண்டி முதலாளி தங்கப்பன், எல்லோரையும் தட்டு தட்டவைத்த ஓய்வுபெற்ற வாத்தியார் நமச்சிவாயம்.

"அஞ்சு பேருக்கு மேல கூடக் கூடாது" என்று ஒலிபெருக்கியில் கத்திவிட்டு, ஐம்பது பேரைச் சுண்ணாம்பு வட்டங்களில் தள்ளித் தள்ளி நிறுத்திப் பாராட்டு விழா நடத்தினார்கள். கடையெல்லாம் அடைப்பு, கிடைத்தது ஒரே பொன்னாடை. அதனாலென்ன? ஒருவருக்குப் போர்த்திப் படம் எடுத்து, உருவி அடுத்தவருக்குப் போர்த்தினார்கள்.

முதல் மரியாதை தலைவருக்கு. முந்தின நாள்தான் சென்னைக் கல்யாணத்திலிருந்து திரும்பியிருந்தார். முகம் படத்தில் விழ வேண்டுமே, முகக்கவசம் தாடைக்கு இறங்கியிருந்தது. இருமினார், பொன்னாடையிலேயே வாயைத் துடைத்தார். "பேசிப் பேசித் தொண்டை கட்டிக்கிச்சு" என்றார்.

கடைசியில், வாசலோரம் நின்ற காத்தாயியை யாரோ நினைவுபடுத்தினார்கள்.

"குப்பையில புழங்குறவ மேலயா? அப்புறம் யாருய்யா அதைத் தொடுறது?" என்றார் தங்கப்பன்.

காத்தாயி வீட்டுக்குப் போய் சோப்பு போட்டுக் கை கழுவினாள்.

ஐந்தாம் நாள் தங்கப்பனுக்கும் வாத்தியாருக்கும் கிருமி உறுதியானது. தலைவர் பரிசோதனைக்கே போகவில்லை. மிளகு ரசம் குடித்துக்கொண்டு, கதவுக்குப் பின்னாலிருந்தே உத்தரவு போட்டார்: "ஏழு தெரு சுத்துறவ அவதான். அவ வாசல்ல அடிங்கடா தகரத்தை!"

அடித்து வாசலை அடைத்தார்கள். உள்ளே நிறைமாத மகள் சுமதிக்கு வலி எடுத்தது. "ஐயா, புள்ளைய ஆஸ்பத்திரிக்காவது விடுங்கய்யா" என்று காத்தாயி தகரத்தைத் தட்டினாள். தட்டு தட்டிய ஊர், அந்தச் சத்தத்துக்கு மட்டும் காதைப் பொத்திக்கொண்டது.

நர்ஸம்மா ஒருவர்தான் ஏணி போட்டு ஏறிக் குதித்துப் பிரசவம் பார்த்தார். ஆண்டவன் புண்ணியம், தாயும் சேயும் பிழைத்தார்கள். கையோடு எடுத்த பரிசோதனையில் அந்த வீட்டில் யாருக்கும் கிருமி இல்லை.

இப்போது நீங்கள் சொல்லுங்கள்: அந்தத் தகரத்தை யார் வாசலில் அடித்திருக்க வேண்டும்?

விடை: தலைவர் வாசலில்தான். சென்னையிலிருந்து அவர் கொண்டுவந்ததை அந்தப் பொன்னாடைதான் மற்ற இரண்டு தோளுக்கும் சுமந்து போனது. பொன்னாடை ஏறாத தோள் தப்பியது. அவளைத் தள்ளிவைத்த அவர்களுடைய அற்ப புத்தியே அவளுக்குக் கவசமாகிப்போனது.

பிறகு தலைவர் சமாதானம் பேச அதே பொன்னாடையோடு வந்து நின்றார். காத்தாயி தகர இடுக்கு வழியாக ஒன்றே ஒன்று கேட்டாள்:

"துவைச்சதாங்க?"