மேஜைக் கண்ணாடிக்கு அடியில் ஒரு தாள்

அம்பத்தூர் மோட்டார் கம்பெனி ஒன்றின் சிஸ்டம்ஸ் மேனேஜர் ஜெயசீலன், வைரஸ் பயத்தில் எல்லா ஃபோல்டர்களையும் பூட்டிவிட்டார். படிக்கலாம், எதுவும் எழுதக் கூடாது. மோட்டாரை இயக்கும் புரோகிராமைத் தயாரிக்கும் பதினெட்டு வருஷத்துப் பழைய சாஃப்ட்வேர் அன்றே படுத்துவிட்டது.

"பூட்டு பூட்டாவே இருக்கும். சாயங்காலத்துக்குள்ள சாஃப்ட்வேர் ஓடணும். இல்லேன்னா நாளைக்கு நீ வர வேண்டாம்" என்றார் கான்ட்ராக்ட் டெக்னீஷியன் பொன்மலரிடம்.

"சரி சார். அதை எழுத்துல குடுத்துடுங்க" என்ற பொன்மலர், ஒரு வெள்ளைத்தாளை அவர் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் செருகிவிட்டுப் பேனாவை நீட்டினாள். என்ன செய்கிறாள் இவள் என்று ஆபீசே எட்டிப் பார்த்தது.

"கண்ணாடிக்கு அடியில இருந்தா எப்படிம்மா எழுதறது?"

"அந்த சாஃப்ட்வேரும் அதையேதான் சார் கேக்குது. தன் ஃபோல்டர்ல குறிப்பு எழுதி எழுதித்தான் அது வேலை செய்யும்."

ஜெயசீலன் மேஜையைப் பார்த்தார். கண்ணாடி மேல் கம்ப்யூட்டர், பிரிண்டர், ஃபைல் குவியல். "அதுக்காக இத்தனையையும் இறக்கிக் கண்ணாடியை எடுக்கச் சொல்றியா?"

"எதுக்கு சார்? அந்த ஒரு தாளை மட்டும் வெளியே இழுத்தாப் போதும்."

ஜெயசீலன் தாளை இழுத்து, 'அந்த ஒரு ஃபோல்டரில் மட்டும் எழுத அனுமதி' என்று கையெழுத்துப் போட்டார்.

பொன்மலர் அதை வாங்கி மறுபடியும் கண்ணாடிக்கு அடியிலேயே செருகினாள்.

"இனிமே இதைப் படிக்கலாம் சார். மாத்தி எழுத முடியாது."